பிறப்பால் வந்த சமயமும் தேடிப் பெற்ற நம்பிக்கையும்: டால்ஸ்டாயின் சமயப் பயணம்

முன்னுரை

ஒருவர் எந்தச் சமயத்தில் வளர்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய பிறப்பே முடிவு செய்கின்றது. பெயர் சூட்டுதல், வழிபாடு, நோன்பு, விழா, ஈமச்சடங்கு ஆகியன அவர் கேளாமலே அவரை வந்தடைகின்றன. பலர் இம்மரபினை வினாவின்றி ஏற்று வாழ்ந்து முடிக்கின்றனர். சிலருக்கு மட்டும் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில், "இதனை நான் மெய்யாகவே நம்புகிறேனா?" என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை எதிர்கொண்டு, அதன் ஒவ்வொரு படியையும் எழுத்தில் பதிந்து வைத்தவர்களுள் முதன்மையானவர் இரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் (1828-1910).

தமிழ் வாசகர்கள் டால்ஸ்டாயை இருவகையில் அறிவர். ஒன்று, 'போரும் அமைதியும்', 'அன்னா கரேனினா' ஆகிய புதினங்களின் ஆசிரியர் என்பது. மற்றொன்று, காந்தியடிகளின் அகிம்சைக் கொள்கைக்கு ஊட்டம் தந்தவர் என்பது. இவ்விரண்டு அடையாளங்களையும் இணைக்கும் பாலமாக அமைவது அவருடைய சமயப் போராட்டமே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபுச் சமயத்திலிருந்து தனிப்பட்ட நம்பிக்கைக்கு ஒருவர் நகர்வதை, பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பெறும் நேர்கோட்டுப் பயணமாகக் கருதும் போக்கு உண்டு. டால்ஸ்டாயின் வாழ்வு இக்கருத்துக்கு ஒத்துவரவில்லை. அவர் மரபை இழந்தபோது அவருக்குத் தனி நம்பிக்கை எதுவும் கிட்டவில்லை, வெறுமையே கிட்டியது. அம்மரபினைத் தம்மினும் எளியோர் எவ்வாறு வாழ்ந்து காட்டினர் என்பதைக் கண்ட பின்னரே அவருள் நம்பிக்கை முளைத்தது. ஆகவே, தனிப்பட்ட நம்பிக்கை என்பது மரபுக்கு எதிர்ச்சொல் அன்று. மரபிலிருந்து பெற்றதற்குத் தாமே பொறுப்பேற்பது என்று நாம் கருதுகிறோம். இனி இதனைப் படிப்படியாகக் காண்போம்.

தேய்ந்து மறைந்த நம்பிக்கை

டால்ஸ்டாய், ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கீழைத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளர்ந்தவர். இரண்டு வயது நிரம்புமுன் தாயையும், 1837இல் தந்தையையும் இழந்த அவரை உறவினரான பெண்மணிகளே வளர்த்தனர். அவர்கள் பக்தி மிக்கவர்கள். ஆயினும், தமது பதினெட்டாம் வயதில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியபோது, தமக்குக் கற்பிக்கப்பட்ட எதையும் தாம் நம்பவில்லை என்று 'என் வாக்குமூலம்' என்னும் நூலில் அவர் எழுதுகிறார். 1879க்கும் 1882க்கும் இடையில் எழுதப்பட்ட அந்நூலை ஓர் இரஷ்ய இதழ் 1882இல் வெளியிட முயன்றபோது தணிக்கைத் துறை தடுத்துவிட்டது. 1884இல் ஜெனீவாவில்தான் அது நூலுருப் பெற்றது.

நம்பிக்கை எவ்வாறு மறைகின்றது என்பதற்கு அந்நூலில் அவர் தரும் சான்று கருதத்தக்கது. அவருக்குத் தெரிந்த ஒருவர், இருபத்தாறு வயது இளைஞராக இருந்தபோது வேட்டைக்குச் சென்ற இடத்தில், இரவு உறங்குமுன் சிறுவயதுப் பழக்கப்படி மண்டியிட்டுச் செபித்தார். அதனைக் கண்ட அண்ணன், "நீ இன்னும் இதைச் செய்கிறாயா?" என்ற பொருளில் ஒரு சொல் கேட்டார். அவ்வளவே. அன்றிலிருந்து அவர் செபிப்பதையும் கோவிலுக்குச் செல்வதையும் விட்டுவிட்டார். அண்ணன் வாதம் எதுவும் செய்யவில்லை. தன் சுமையாலேயே விழவிருந்த சுவரை விரலால் தொட்டது போன்றதே அக்கேள்வி என்று டால்ஸ்டாய் விளக்குகிறார்.

இங்கு நாம் ஒன்றை உணர வேண்டும். படித்தோரின் சமய நம்பிக்கையை அறிவியல் வீழ்த்துகின்றது என்பது பொதுவான எண்ணம். டால்ஸ்டாய் காட்டும் காரணம் வேறு. சமயம் ஒருபுறமும் வாழ்க்கை மறுபுறமுமாக நடந்துகொண்டிருந்தன. தொழிலிலோ உறவிலோ எடுக்கும் முடிவுகளில் சமயத்துக்கு யாதொரு பங்கும் இல்லை. பயன்படுத்தப்படாத உறுப்பு வலுவிழப்பதைப் போன்று, வாழ்வில் வேலையற்றுப் போன நம்பிக்கை ஓசையின்றி மறைந்தது. மரபாகப் பெற்ற சமயத்தின் உண்மையான பகை எதிர்வாதம் அன்று. அதனைச் செயலற்றதாக வைத்திருப்பதே என்பது இதனால் பெறப்படும்.

கிணற்றில் தொங்கியவன்

1857இல் பாரிஸ் நகரில் தலைவெட்டித் தண்டனை நிறைவேற்றப்பட்டதை நேரில் கண்டதும், 1860இல் அண்ணன் நிக்கோலாய் காசநோயால் மாண்டதும் டால்ஸ்டாயின் உள்ளத்தைத் தாக்கிய நிகழ்வுகள். எனினும், 1862இல் நிகழ்ந்த திருமணமும் அதனைத் தொடர்ந்த எழுத்துப்பணியும் அவ்வடுக்களைச் சில காலம் மறைத்தன. ஐம்பது வயதை அணுகியபோது அவரிடம் புகழ், செல்வம், உடல்நலம், அன்பான குடும்பம் ஆகிய அனைத்தும் இருந்தன. அப்போதுதான், "இவையெல்லாம் எதற்காக? மரணத்தால் அழியாத பொருள் ஏதேனும் என் வாழ்வில் உண்டா?" என்னும் வினா அவரை முடக்கியது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சத்தால், கயிற்றைக் கண்ணில் படாமல் மறைத்ததாகவும், துப்பாக்கியுடன் வேட்டைக்குச் செல்வதை நிறுத்தியதாகவும் அவர் எழுதுகிறார்.

இந்நிலையை விளக்க அவர் கையாளும் கதை இந்தியவியல் பயில்வோருக்கு மிகவும் பழக்கமானது. விலங்கு ஒன்றால் துரத்தப்பட்ட வழிப்போக்கன் வறண்ட கிணற்றுக்குள் குதிக்கிறான். அடியில் ஒரு நாகம் வாய் திறந்து காத்திருக்கின்றது. இடையில் முளைத்திருந்த செடியைப் பற்றித் தொங்குகிறான். கறுப்பும் வெள்ளையுமான இரண்டு எலிகள் அச்செடியின் தண்டைக் கொறிக்கின்றன. அந்நிலையிலும் இலைகளில் ஒட்டியிருந்த தேன்துளிகளை அவன் நக்குகிறான். கீழை நாட்டுக் கதை என்று மட்டும் டால்ஸ்டாய் இதனைக் குறிப்பிடுகிறார்.

மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் விதுரர் திருதராட்டிரனுக்கு இக்கதையின் ஒரு வடிவத்தைக் கூறுகிறார். தமிழில், தோலாமொழித் தேவர் இயற்றிய சமணக் காப்பியமாகிய சூளாமணியில், யானை துரத்தப் பாம்புறையும் குழியில் தொங்கியவாறு தேன்துளியை நக்கும் மனிதன், உலக இன்பத்துக்கு உவமையாகிறான். புத்தரின் வரலாறு பர்லாம்-யோசபாத் என்னும் கிறித்துவப் புனிதர் கதையாக உருமாறி மேற்கே பரவியபோது, இவ்வுவமையும் உடன் சென்று கிறித்துவ உலகெங்கும் வழங்கலாயிற்று. கிறித்துவ நம்பிக்கையை இழந்த ஒருவர், தம் இழப்பைச் சொல்வதற்கு இந்திய மண்ணில் தோன்றிய உவமையைக் கையாண்டது நம் கவனத்துக்குரியது. குடும்பத்தின் மீதான அன்பும் எழுத்துக்கலையுமே தமக்கு எஞ்சியிருந்த தேன்துளிகள் என்றும், அவையும் இனிக்கவில்லை என்றும் அவர் கூறுவது இக்கதையின் பழைய பொருளுக்கு ஒரு புதிய கூர்மையைத் தருகின்றது.

உழவரிடம் பெற்ற விடை

விடை தேடி டால்ஸ்டாய் முதலில் நூல்களை நாடினார். சாக்ரட்டீஸ், ஷோபன்ஹவர், சாலமோன், புத்தர் ஆகியோரின் சிந்தனைகளை ஆராய்ந்தார். வாழ்வு துன்பம் என்பதையே அவை அனைத்தும் உறுதிப்படுத்துவதாக அவருக்குத் தோன்றியது. தம்மைப் போன்ற மேல்தட்டினர் இவ்வினாவிலிருந்து தப்பிக்கும் வழிகளை நான்காக அவர் வகைப்படுத்துகிறார். அவை, வினாவையே அறியாதிருத்தல், அறிந்தும் இன்பத்தில் மூழ்குதல், உயிரை மாய்த்துக்கொள்ளல், எதையும் செய்யத் துணியாமல் வெறுமனே வாழ்தல் என்பன. தம்மை நான்காம் வகையில் அவர் சேர்த்துக்கொண்டார்.

திருப்பம் இதன் பின்னரே நிகழ்ந்தது. மனித இனம் என்பது தம்மைப் போன்ற சில ஆயிரம் படித்தவர்கள் மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்தார். தமது யாஸ்னயா பொல்யானா பண்ணையைச் சுற்றி வாழ்ந்த உழவர்கள் கடும் உழைப்பிலும் வறுமையிலும் வாழ்ந்தனர். நோயையும் சாவையும் அமைதியுடன் எதிர்கொண்டனர். தாம் படித்தவற்றில் கிடைக்காத விடை, படிக்காத அவர்களுடைய வாழ்வில் இருப்பதை அவர் கண்டார். நம்பிக்கை என்பது சில கூற்றுகளை உண்மையென ஒப்புக்கொள்வதன்று; மனிதனை வாழச் செய்யும் ஆற்றலே நம்பிக்கை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

தமிழ்க் கிறித்துவ வழக்கில் 'விசுவாசப் பிரமாணம்' என்பது வழிபாட்டில் ஓதப்படும் கோட்பாட்டுத் தொகுப்பைக் குறிக்கும். 'விசுவாசம்' என்ற தனிச்சொல்லோ அக்கோட்பாட்டையும் சுட்டும். இறைவன் மீது கொள்ளும் பற்றுறுதியையும் சுட்டும். டால்ஸ்டாய் இளமையில் இழந்தது முதற்பொருளிலான விசுவாசம். உழவரிடம் கண்டது இரண்டாம் பொருளிலானது. ஆயினும் அவ்வுழவர்களின் நம்பிக்கை முற்றிலும் மரபாக வந்ததே என்பதை நாம் மறத்தலாகாது. டால்ஸ்டாயின் தனி நம்பிக்கைக்கு விதை மரபிலிருந்தே கிடைத்தது. அவர்தம் வகுப்பார் சடங்காக்கி வைத்திருந்த அதே மரபு, உழைக்கும் மக்களிடம் உயிருடன் இருந்தது என்பதே வேறுபாடு.

கோவிலுக்குத் திரும்புதலும் வெளியேறுதலும்

உழவரின் நம்பிக்கையைப் பெற வேண்டுமாயின் அவர்களுடைய வழிபாட்டிலும் பங்கேற்க வேண்டும் என்று டால்ஸ்டாய் கருதினார். 1877 முதல் நோன்பு நோற்றார். கோவில் வழிபாட்டில் தவறாது கலந்துகொண்டார். அதே ஆண்டில் ஆப்டினா மடத்துக்குச் சென்று அங்கிருந்த துறவியரைச் சந்தித்தார். 1879இல் கீவ் நகரத்துக் குகை மடத்துக்கும் பயணம் மேற்கொண்டார். அறிவுக்கு ஒவ்வாதவற்றையும் பணிவுடன் ஏற்க முயன்றார்.

இம்முயற்சி மூன்று இடங்களில் தடைப்பட்டது. முதலாவது, திருவிருந்து. அப்பமும் இரசமும் மெய்யாகவே உடலும் குருதியும் என்று அறிக்கையிடுமாறு குரு கேட்டபோது தம் நெஞ்சில் குத்தியதைப் போன்று இருந்ததாக அவர் எழுதுகிறார். அம்முறை பணிந்து ஏற்றார். மறுமுறை செல்ல அவரால் இயலவில்லை. இரண்டாவது, பிற திருச்சபையினரைத் தவறான வழியில் செல்பவர்களாகக் கருதிய மனப்பான்மை. அன்பினால் ஒன்றுபடுத்த வேண்டிய சமயம் மனிதரைப் பிரிப்பது எங்ஙனம் என்று அவர் வினவினார். மூன்றாவது, போர். 1877-78ஆம் ஆண்டுகளில் இரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் இடையே போர் நடந்தபோது, தம் நாட்டுப் படைக்கலங்களின் வெற்றிக்காகக் கோவில்களில் வேண்டுதல் நடைபெற்றது. கொலையை நம்பிக்கையின் பெயரால் வாழ்த்துவதை அவரால் ஏற்க இயலவில்லை.

இம்மூன்றனுள் முதலாவது மட்டுமே கோட்பாடு பற்றியது. மற்ற இரண்டும் ஒழுக்கம் பற்றியவை. இளமையில் அக்கறையின்மையால் கோவிலை விட்ட டால்ஸ்டாய், இம்முறை அக்கறையின் மிகுதியால் அதனை விட்டார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் காணப்படினும், முன்னது இழப்பு, பின்னது தேர்வு.

மலைப்பொழிவு என்னும் உரைகல்

கேட்டறிந்த சமயத்தை ஒதுக்கிய பின், மூலநூலைத் தாமே கற்க அவர் முற்பட்டார். 1870ஆம் ஆண்டளவில் கற்றிருந்த கிரேக்க மொழியறிவைக் கொண்டு நான்கு நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டு மொழிபெயர்த்தார். 1882இல் மாஸ்கோவில் யூத மதகுரு ஒருவரிடம் எபிரேயமும் பயின்றார். அவருடைய நற்செய்தித் தொகுப்பில் அற்புதங்களும் உயிர்த்தெழுதலும் இடம்பெறவில்லை. மத்தேயு நற்செய்தியிலுள்ள மலைப்பொழிவே அவருக்கு மையமாயிற்று. அதிலிருந்து ஐந்து கட்டளைகளை அவர் வகுத்தெடுத்தார்: சினம் கொள்ளாதிருத்தல், இச்சைக்கு இடங்கொடாமல் மணவுறவில் உண்மையாக இருத்தல், ஆணையிடாதிருத்தல், தீமையை வன்முறையால் எதிர்க்காதிருத்தல், பகைவரையும் நேசித்தல்.

இவற்றைச் செயலில் காட்டவும் அவர் முயன்றார். 1881இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபோது, கொலையாளிகளை மன்னிக்குமாறு புதிய பேரரசருக்கு மடல் எழுதினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. படைத்தொழிலை மறுத்ததால் துன்புறுத்தப்பட்ட தூகபோர் என்னும் கிறித்துவப் பிரிவினர், 1899இல் 7,000க்கும் மேற்பட்டோராகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுக்கு உதவும் பொருட்டே 'புத்துயிர்ப்பு' என்னும் தமது இறுதிப் பெரும் புதினத்தை டால்ஸ்டாய் முடித்து வெளியிட்டார்.

1901ஆம் ஆண்டுத் தீர்ப்பு

திருச்சபை வழிபாட்டைக் கடுமையாகச் சித்திரித்த அப்புதினம் வெளிவந்த பின்னர், 1901 பிப்ரவரியில் இரஷ்யத் திருச்சபையின் ஆளுகைப் பேரவை ஓர் அறிக்கை வெளியிட்டது. தம்மை வளர்த்த தாய்த் திருச்சபையை டால்ஸ்டாய் மறுதலித்துவிட்டார் என்றும், அவர் மனம் வருந்தித் திரும்பும்வரை அவரைத் தன் உறுப்பினராகக் கருத இயலாது என்றும் அது கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் டால்ஸ்டாய் அளித்த மறுமொழி ஒளிவுமறைவற்றது. திருச்சபையைத் தாம் துறந்தது உண்மையே என ஒப்புக்கொண்டார். இறைவனுக்கு எதிராகக் கிளர்ந்தமையால் அன்று, முழு உள்ளத்துடன் அவருக்குப் பணிசெய்ய விரும்பியமையாலேயே துறந்ததாகக் கூறினார். இறைவன் ஆவியாகவும் அன்பாகவும் அனைத்துக்கும் மூலமாகவும் இருப்பதைத் தாம் நம்புவதாகவும், அவருடைய சித்தம் இயேசு என்னும் மனிதரின் போதனையில் மிகத் தெளிவாக வெளிப்படுவதாகவும், அந்த இயேசுவையே கடவுளாக்கி வணங்குவதைத் தாம் ஏற்கவில்லை என்றும் எழுதினார்.

இவ்விடத்தில் திருச்சபையின் நிலைப்பாட்டையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். திரியேகத்துவமும் உயிர்த்தெழுதலும் கிறித்துவத்தின் அடித்தளங்கள் என்று கொள்ளும் ஓர் அமைப்பு, அவற்றை வெளிப்படையாக மறுப்பவரை உறுப்பினராகக் கருத இயலாது என்று கூறியதில் ஏரணம் உண்டு. ஆயினும், தம் வாழ்நாள் முழுவதும் திருச்சபையை விட்டு நீங்காத அவர்தம் துணைவியார் சோபியாவே அவ்வறிக்கையைக் கண்டித்துத் திருச்சபைத் தலைவருக்கு மடல் எழுதினார். மரபு நம்பிக்கையில் நிலைத்திருந்த ஒருவர், அதே மரபின் தீர்ப்பைத் தம் மனச்சான்றின்படி மறுத்தார். தனிப்பட்ட நம்பிக்கை மரபுக்கு வெளியே சென்றோருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

குறளும் டால்ஸ்டாய் பண்ணையும்

தம் நம்பிக்கையைக் கிறித்துவத்துக்கு மட்டும் உரியதாக டால்ஸ்டாய் கொள்ளவில்லை. வட அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்காக இதழ் நடத்திய தாரக்நாத் தாஸ் என்பவருக்கு 1908 டிசம்பரில் அவர் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' இதற்குச் சான்று. வேதம் முதலியவற்றின் கருத்துகளோடு திருக்குறளின் கருத்துகளையும் அதில் அவர் எடுத்தாள்கிறார். அவர் தேர்ந்த குறட்பாக்கள் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தைச் சேர்ந்தவை. தீங்கிழைத்தவர் நாணுமாறு அவருக்கு நன்மை செய்தல் வேண்டும் என்னும் 314ஆம் குறளின் கருத்தும் அவற்றுள் ஒன்று. மலைப்பொழிவில் தாம் கண்டெடுத்த நான்காம் கட்டளையை வள்ளுவரிடமும் அவர் கண்டார் என்பது தெளிவு.

இக்கடிதத்தைக் காந்தியடிகள் 1909இல் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். அதற்கு முன்பே, 'கடவுளின் அரசு உங்களுக்குள்ளே இருக்கிறது' என்னும் டால்ஸ்டாயின் நூல் அவரை ஆட்கொண்டிருந்தது. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் வழங்கிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அமைந்த குடியிருப்புக்கு 'டால்ஸ்டாய் பண்ணை' எனப் பெயரிடப்பட்டது. அங்கு வாழ்ந்தோருள் தமிழரும் பலர். போப் அவர்களின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை வைத்தே அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்களுக்குக் கற்பித்ததாகக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். இந்து, இஸ்லாமிய, பார்சி, கிறித்துவப் பிள்ளைகள் ஒருங்கே பயின்ற அப்பண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் சமய மரபைப் பேணுமாறு ஊக்குவிக்கப்பட்டது. மரபைத் துறந்தவரின் பெயரைத் தாங்கிய இடத்தில் மரபுகள் பேணப்பட்டன என்பது முரண்போல் தோன்றலாம். ஆனால், உழவரின் மரபிலிருந்தே டால்ஸ்டாய் தம் விடையைப் பெற்றார் என்பதை நினைவிற்கொண்டால் அதில் முரண் இல்லை.

தனி நம்பிக்கையின் விலை

இந்நம்பிக்கைக்கு டால்ஸ்டாய் கொடுத்த விலை பெரிது. 1881க்குப் பின் வெளிவந்த தம் நூல்களின் உரிமையை 1891இல் துறந்தார். சொத்துகளை 1892இல் மனைவி மக்களுக்குப் பிரித்தளித்தார். ஆயினும் அதே மாளிகையில், பணியாளர் சூழவே வாழ்ந்தார். போதனைக்கும் வாழ்வுக்கும் இடையிலான இவ்விடைவெளி அவரை வாட்டியது. பெருங்குடும்பத்தைப் பேண வேண்டிய சோபியாவின் நியாயம் வேறாக இருந்தது. கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்ட மரபில், தவறுவோருக்கு மன்னிப்புக் கேட்கவும் மீண்டும் தொடங்கவும் சடங்குகள் உண்டு. ஒழுக்கத்தையே ஒரே அளவுகோலாகக் கொண்ட தனி நம்பிக்கையில் அத்தகைய புகலிடம் இல்லை. தம்மைத் தாமே தீர்ப்பிட வேண்டியதுதான்.

புதிய நாட்காட்டிப்படி 1910 நவம்பர் 10ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில், விடியுமுன் அவர் இல்லத்தைத் துறந்தார். முதலில் சென்ற இடம் ஆப்டினா மடம். துறவியர் குடில்கள் வரை நடந்து சென்றும் உள்ளே செல்லாமல் திரும்பினார். அடுத்து, ஷமோர்தினோ மடத்தில் துறவியாக இருந்த தங்கை மரியாவைச் சந்தித்தார். நவம்பர் 20ஆம் நாள் அஸ்தாப்பவோ இரயில் நிலைய அலுவலரின் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. திருச்சபைச் சடங்கின்றி யாஸ்னயா பொல்யானாவில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். எனினும், இறந்தோருக்காகத் திருச்சபை பாடும் நினைவுப் பாடலை அங்குத் திரண்டிருந்த மக்கள் தாமே பாடினர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மரபாகப் பெற்ற நம்பிக்கை வாதத்தால் அழிவதைவிட, வாழ்வில் இடம்பெறாமையால் அழிவதே மிகுதி. இரண்டு, தனிப்பட்ட நம்பிக்கை வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. டால்ஸ்டாய்க்கு உழவரும் நற்செய்தி நூல்களும் வள்ளுவரும் ஆசிரியராயினர். மூன்று, தமக்கென ஒரு நம்பிக்கையைத் தேர்ந்துகொள்பவர் அதற்கேற்ப வாழும் சுமையையும் தேர்ந்துகொள்கிறார்.

'இன்னா செய்யாமை' அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதனை மேனாட்டார் புகழ்ந்தனர் என்ற பெருமிதத்துடன் நின்றுவிடாமல், டால்ஸ்டாய் எத்தகைய தேடலின் முடிவில் அக்குறள்களை வந்தடைந்தார் என்பதையும் விளக்கலாம். பல சமய மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து பயிலும் வகுப்பறைகளில், தத்தம் இல்லங்களிலிருந்து அவர்கள் கொண்டுவரும் நம்பிக்கையை இகழாமலும், அதுபற்றி அவர்களுள் எழும் வினாவை அடக்காமலும் இருத்தற்கு இவ்விளக்கம் துணைபுரியும் என்பது நம் துணிபு.